முதல் வரைவையும் கேட்டு வாங்குங்கள்: கல்லூரி எழுத்தாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் எழுத்துப் பாடம் எடுக்கும் உங்களில் நானும் ஒருத்தி. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து நமக்குள் இதே பேச்சுதான். இதை மாணவர் எழுதினாரா, மெஷின் எழுதியதா? கட்டுரையைக் கையில் எடுக்கும்போதே சந்தேகக் கண்ணோடு படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குச் செலவாகும் நேரத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியதாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை ஏஐ எழுதியவை என்று முடிவு வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு அநேகமாக நேரவே இல்லை. இந்தக் கருவிகள், அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று பார்க்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தெரிந்த சொற்களை வைத்து, தப்பு வராத வாக்கியமாகப் பார்த்துத்தான் எழுதுவார். அந்த ஜாக்கிரதையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

பிறகு வந்த கருவிகள் தேறியிருக்கலாம். ஆனாலும் திரையில் வரும் ஒரு சதவீத எண்ணுக்கு மாணவர் என்ன பதில் சொல்வார்? காப்பியடித்தால் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இங்கே காட்ட ஒன்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், காப்பியடித்ததைச் சோதிக்கும் டர்னிடின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்து வைத்தபோது ஒரு கணக்குச் சொன்னது. முந்தைய ஆண்டு அங்கே டர்னிடினில் சமர்ப்பிக்கப்பட்ட கட்டுரைகள் 75,000. தவறு 1 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் சுமார் 750 கட்டுரைகள் மீது வீண்பழி விழுந்திருக்கும்.

சரி, எல்லாரையும் அறையில் உட்கார வைத்துக் கையால் எழுதச் சொல்லிவிடலாமா? சிலர் அதைத்தான் செய்கிறார்கள். எப்போதாவது ஒரு முறை என்றால் பரவாயில்லை. அதுவே முழு வழி ஆகிவிட்டால், ஒரு மணி நேரத்தில் வரும் முதல் வரைவுக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு, திருத்தி எழுதும் கலையைக் கைவிட்டதாகும். நாம் கற்பிக்க வேண்டியதே அந்தக் கலைதான்.

என் வகுப்புகளில் அடிக்கடி நடப்பதை ஓர் எடுத்துக்காட்டாகச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரு மாணவி எழுதித் தருகிறாள்: "கைப்பேசி குடும்ப உறவுகளைச் சீரழிக்கிறது." ஓரத்தில் நான் குறிப்பது ஒரு கேள்விதான்: "யார் வீட்டில், எப்போது பார்த்தாய்?" அடுத்த வரைவில் இப்படி வருகிறது: "அண்ணன் சாப்பிட உட்காரும்போது கைப்பேசியை எடுப்பதில்லை. அம்மா வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததும்தான் எடுக்கிறான்." இதை எழுதிய பிறகு அவளாலேயே முதல் வாக்கியத்தை வைத்துக்கொள்ள முடியாது. கைப்பேசி உறவைக் கெடுக்கவில்லை, ஏற்கனவே பேச முடியாமல் போன ஒன்றிலிருந்து ஒளிய இடம் தருகிறது என்று மூன்றாம் வரைவில் கட்டுரை திரும்புகிறது. இப்படி ஒன்றைச் சொல்லப் போகிறோம் என்று தொடங்கும்போது அவளுக்கே தெரியாது. எழுதியதால் கிடைத்தது இது. முதல் வாக்கியத்தையே ஒரு சாட்பாட்டிடம் கொடுத்திருந்தால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பிழையில்லாத ஐந்து பத்தி வந்திருக்கும். எனக்கும் படிக்கச் சுலபமாக இருந்திருக்கும். அந்த அண்ணன் மட்டும் கட்டுரைக்குள் வந்திருக்கவே மாட்டான்.

அதனால்தான் முடிந்த கட்டுரையை மட்டும் வாங்கி மதிப்பெண் போடுவதை விட்டுவிடுங்கள் என்கிறேன். எழுத்தை ஒரு செயல்முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பது 1970களிலிருந்தே நம் துறையில் சொல்லப்பட்டு வருவதுதான். வாயளவில் ஒத்துக்கொண்டோம், மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடம் கொடுத்தவர்கள் குறைவு. முதல் வரைவுக்கும், அதில் எதை ஏன் மாற்றினேன் என்று எழுதும் ஒரு பக்கக் குறிப்புக்கும் மதிப்பெண்ணில் பங்கு கொடுங்கள். ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து "இந்தப் பத்தி ஏன் இங்கே வந்தது?" என்று கேளுங்கள். ஆனால் குறுக்கு விசாரணையாகிவிடக் கூடாது. கூகுள் டாக்ஸில் யார் எத்தனை மணிக்கு எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்று தோண்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் தைரியமாகத் தப்பு செய்து பார்க்க மாட்டார்கள்.

ஏஐயே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த அசைன்மென்ட்டில் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று தலைப்பு கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பிலேயே அதைத் திறந்து வைத்து, அது தரும் மேற்கோள்கள் நிஜமாகவே இருக்கின்றனவா என்று மாணவர்களைத் தேடச் சொல்லலாம். சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதற்காக 2023 ஜூனில் நியூயார்க் வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அப்புறம், நம் பக்கத்து விஷயம் ஒன்று. நேரமில்லை என்று கட்டுரைகளை ஏஐயிடம் கொடுத்துக் கருத்து எழுதி வாங்குவது பரவி வருகிறது. தயவுசெய்து வேண்டாம். எழுதியதை யாரும் படிக்கப் போவதில்லை என்றால், மாணவர் மட்டும் ஏன் மெனக்கெட்டு எழுத வேண்டும்? அவருக்கு இதற்கு நாம் தரக்கூடிய பதில் எதுவும் இல்லை.

நேரமில்லை என்பது உண்மைதான். ஒரு வகுப்பில் அறுபது, எழுபது பேரை வைத்துக்கொண்டு மூன்று வரைவு படிக்க யாராலும் முடியாது. கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். துறைத் தலைவர்களாக இருப்பவர்கள், கண்டறியும் கருவிகளின் சந்தாவுக்குப் போகும் பணத்தில் இன்னொரு ஆசிரியரை, பகுதி நேரமாகவாவது, நியமிக்க முடியுமா என்று பாருங்கள். அடுத்த செமஸ்டருக்கான பாடத்திட்டக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள்: வரைவுகளுக்கும் மதிப்பெண் உண்டு, கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை கிடையாது. இரண்டாவதை மட்டுமாவது இந்த செமஸ்டர் முடிவதற்குள் நிறைவேற்றிவிடுங்கள். இப்போதே விளக்கக் கடிதம் கேட்கப்பட்டு, பதில் சொல்லத் தெரியாமல் காத்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே எழுத்து கற்பிக்கும் ஓர் ஆசிரியை