கூம்பு ஸ்பீக்கர் பற்றி கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அம்மன் கோயில் விழாக் குழுவினருக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், சபைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மூன்று தரப்புக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. தனித்தனியாக எழுதினால், எழுதியவன் எந்த மதம் என்ற ஆராய்ச்சிதான் முதலில் நடக்கும். சத்தம் பற்றிய பேச்சு அடிபட்டுப் போகும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கரண்ட் கம்பத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர். ஆடியில் கூழ் ஊற்றும் நாள் வந்தால் நாலரை மணிக்கே பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. அதிகாலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபுஹ் பாங்கு முடிந்த பிறகும் மைக் அணைவதில்லை. நற்செய்திக் கூட்டத்தின் டிரம்ஸ் இரவு பதினொன்றைத் தாண்டுகிறது. கம்பத்தை ஒட்டிய வீட்டில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. வாய்விட்டுப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைக்குத் தன் குரலே காதில் விழுவதில்லை.

போய்ச் சொன்னால் மூன்று இடத்திலும் ஒரே பதில்: “இது எங்க மத உரிமை, அரசியல் சட்டமே கொடுத்திருக்கு.” கொடுத்திருக்கிறது, சரி. ஆனால் அந்த 25ஆவது பிரிவு தொடங்குவதே, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான். கம்பத்தடி வீட்டுக்காரருக்கு 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையும் அந்த மற்ற உரிமைகளில் ஒன்று. நிம்மதியாகத் தூங்குவதும் அதற்குள் வரும் என்று நீதிமன்றங்கள் சொல்லியாயிற்று.

இதில் முக்கியமான வழக்கு நம் சென்னையிலிருந்தே போனது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. ஒலிபெருக்கி, டிரம்ஸ், கிடார் என்று ஜெபம் நடக்க, குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. சாலையில் போகும் வண்டிகளும்தானே சத்தம் போடுகின்றன, சிறுபான்மையினரான எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று சபை கேட்டது. வண்டிச் சத்தமும் இருந்தது உண்மைதான். ஆனாலும் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்தோ, ஒலிபெருக்கி வைத்தோ, மேளம் அடித்தோ பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது தீர்ப்பு. ஜெபத்தை அது தொடவே இல்லை.

2020இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பாங்கு விஷயத்தில் இதே வழியில் போனது. பாங்கு இஸ்லாத்தின் இன்றியமையாத பகுதி, மனிதக் குரலில் சொல்லத் தடையில்லை. ஒலிபெருக்கி அப்படி இன்றியமையாதது அல்ல. ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்று நீதிபதிகள் பிரித்துச் சொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இங்கே அந்த ஆராய்ச்சி தேவையும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே போதும். ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அதுவும் மாநில அரசு தளர்த்த வேண்டியது, விழாக் குழு அல்ல.

அந்த ஆறு மணிக் கணக்கைப் பாருங்கள். மார்கழித் திருப்பாவையும் சுபுஹ் பாங்கும் அதற்கு முன்னால் வருகின்றன. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை பத்து மணிக்குப் பின்னால் வருகிறது. மூவருக்கும் இடிக்கிறது. தன் கூம்பை மேலே வைத்துக்கொண்டு பக்கத்து மதத்தின் கூம்பை மட்டும் இறக்கச் சட்டம் பேசுகிறவர்களும் நம்மிடையே உண்டு. தயவுசெய்து அவர்கள் இந்த மடலைக் கையில் எடுக்க வேண்டாம்.

கேட்பது இவ்வளவுதான். கூம்புகளை இறக்கிவிட்டு வளாகத்துக்குள் பாக்ஸ் ஸ்பீக்கர் வையுங்கள், வெளியே கேட்காத அளவில். விழா என்றால் போலீஸ் அனுமதிக் கடிதத்தின் நகலை வாசலில் ஒட்டுங்கள்; எத்தனை மணி வரை என்று தெரிந்தால் நாங்களும் பொறுத்துக்கொள்வோம். ஒருவர் முதலில் இறக்கினால் மற்றவருக்குத் தோற்றதாகத் தோன்றும் என்பது புரிகிறது. அதனால் மார்கழிக்கு முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, ஒரே நாளில் இறக்குங்கள். ஏணியும் ஆளும் தெருக்காரர்கள் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மூவரின் சத்தமும் கேட்கும் தெருவில் குடியிருப்பவன்