முடியுமான்னு கேக்காதீங்க, எப்படி செய்றீங்கன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல தனியா இருக்குற வயசானவங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா "உதவி தேவைப்படுறவங்க இவ்வளவு பேர்"னு ஒரு எண்ணிக்கைய போட்டுட்டு அப்படியே தாண்டி போயிட்டாங்க, அது எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. யாருக்கு என்ன உதவி தேவைன்னு வீடு வீடா போய் கேட்டு ஃபாரம் நிரப்புற வேலைல கொஞ்ச காலம் இருந்தவங்கற முறைல சொல்றேன், கோளாறே அங்கதான் இருக்கு.

இந்த மாதிரி ஃபாரம் பலதுக்கும் மூலம்னு பாத்தா 1963ல சிட்னி காட்ஸ்ங்கற அமெரிக்க டாக்டரும் அவரோட குழுவும் வெளியிட்ட, ஒருத்தர் தெனமும் தானே செஞ்சுக்க வேண்டிய வேலைகளோட லிஸ்ட்தான். குளிக்கிறது, துணி மாத்துறது, டாய்லெட் போறது, படுக்கைலேர்ந்து எழுந்து நாற்காலிக்கு வர்றது, சிறுநீர் மலத்த அடக்கிக்கிறது, தன் கையால சாப்பிடுறது, ஆக ஆறு. இதுல பொதுவா மொதல்ல கைவிட்டு போறது குளியல், கடைசி வரைக்கும் நிக்கிறது சாப்பிடுறதுன்னும் அவங்க கவனிச்சு சொல்லியிருக்காங்க. அப்பறம் 1969ல லாட்டன், பிராடின்னு ரெண்டு பேர் போன் பேசுறது, கடைக்கு போறது, சமையல், வீட்டு வேலை, துணி துவைக்கிறது, வெளிய போய்ட்டு வர்றது, மாத்திரை, பணம் காசு விவகாரம்னு எட்டு விஷயத்துக்கு தனியா ஒரு லிஸ்ட் போட்டாங்க. லிஸ்ட்ட நான் குறை சொல்லல, இன்னைக்கும் உருப்படியான லிஸ்ட்தான். கேக்குற விதம்தான் மோசம்.

"நீங்களே குளிச்சுக்க முடியுதா?" "ஓ, முடியுதே." டிக். முடிஞ்சது. அந்தம்மா கடைசியா எப்ப குளிச்சாங்க, சுவத்த புடிச்சுகிட்டு குளிச்சாங்களா, விழுந்துடுவோம்னு பயந்து ஈரத்துணில தொடச்சுக்கிறதோட விட்டுட்டாங்களா, எதுவுமே தெரியாது. அதோட பக்கத்துல மகனோ மருமகளோ உக்காந்திருந்தா கேக்கவே வேணாம், கேள்விக்கு பதில் அவங்ககிட்டேர்ந்துதான் வரும், பெரியவங்க தலைய மட்டும் ஆட்டுவாங்க. அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, யாரோ ஒரு ஆபீசர் மாதிரி ஆள் வந்து உக்காந்து உன்னால டாய்லெட் போக முடியுதான்னு கேட்டா யாருதான் முடியலன்னு சொல்லுவாங்க? அதுலயும் "முடியல"ன்னு சொன்னா எங்கயாவது ஹோம்ல கொண்டு விட்டுடுவாங்களோன்னு ஒரு பயம் வேற. அதனால "முடியுமா"ங்கற கேள்விய விட்டுட்டு "நேத்து என்ன செஞ்சீங்க, எப்படி செஞ்சீங்க, காட்டுங்க"ன்னு கேக்கணும். பாத்ரூம ஒரு தடவ எட்டிப் பாத்தாலே போதும், வாளி சோப்பெல்லாம் தூசி படிஞ்சு கெடக்கும். மாத்திரை அட்டைய வாங்கி பாருங்க, காலைல போடுறது பாதிக்கு மேல தீந்திருக்கும், ராத்திரி போடுறது பிரிக்காமயே இருக்கும். கால் நகத்த பாருங்க, குனிய முடியுதா இல்லையான்னு அது சொல்லிடும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இத யாரும் எழுதுறதில்ல. டாய்லெட்டுக்கு நடக்க பயமா இருக்கு, ராத்திரில எழுப்ப ஆளில்ல, அப்ப என்ன பண்ணுவாங்க? தண்ணி குடிக்கிறத கொறச்சுடுவாங்க. யாருக்கும் தெரியாம அவங்களே கண்டுபுடிச்ச வழி இது. ஒடம்புல தண்ணி கொறஞ்சா எழுந்திரிக்கும்போது தலை சுத்தும், மலச்சிக்கல் வரும், சிறுநீர்ல கிருமி தொத்து வரும், சில பேருக்கு திடீர்னு குழப்பமாகி யாரு எவருன்னே தெரியாம பேசுவாங்க, கடைசில விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரிக்கு போவாங்க. அங்க பேப்பர்ல "கீழே விழுந்ததால் எலும்பு முறிவு"ன்னுதான் எழுதுவாங்க. கட்டில் பக்கத்துல ஒரு கமோடு நாற்காலியும் சுவத்துல ஒரு கைப்பிடியும் இருந்திருந்தா இதுல பாதி நடந்திருக்காது, ஆனா ஃபாரம்ல அவங்க "தானே டாய்லெட் போகிறார்".

அப்பறம் "உதவி இருக்கா? இருக்கு"ன்னு ஒரு டிக். யாரு உதவி? எழுபது வயசு மனைவி, அவங்களுக்கே முட்டி வலி. தேவை இருக்குறது வேற, அது நிறைவேறாம கெடக்குறது வேற, இத பிரிச்சு பாக்க முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வயசானவங்களோட தேவைய அளக்க "கேன்" (CANE)னு சுருக்கமா சொல்ற ஒரு மதிப்பீட்டு முறை ரொம்ப காலமாவே இருக்கு, அதுல பெரியவருக்கு 24 விஷயம், பாத்துக்குறவங்களுக்குன்னு தனியா 2, ஒவ்வொண்ணுக்கும் தேவை இல்ல, தேவை இருக்கு கெடைக்குது, தேவை இருக்கு கெடைக்கலன்னு மூணு பதில். பெரியவர்கிட்ட தனியா, குடும்பத்துக்கிட்ட தனியா, ஊழியர்கிட்ட தனியா கேப்பாங்க, பதில் ஒத்துப்போகலன்னா அந்த வித்தியாசத்தையும் அப்படியே எழுதி வைப்பாங்க. டைம் ஆகும்தான். ஆகட்டுமே.

கேள்விய மாத்தினா கணக்குக்குள்ள வர்ற ஆளும் மாறும்ங்கறதுக்கு ஜெர்மனியே உதாரணம். அங்க பராமரிப்பு இன்சூரன்ஸ்ல ஒடம்பு சார்ந்த உதவிக்கு எத்தன நிமிஷம் ஆகுதுன்னுதான் முக்கியமா பாத்துகிட்டு இருந்தாங்க, அதனால கை கால் நல்லா இருந்தும் மறதி நோயால ஒரு நிமிஷம் தனியா விட முடியாதவங்களுக்கு கெடைக்க வேண்டியது சரியா கெடைக்கல. 2017லேர்ந்து நிமிஷக் கணக்க எடுத்துட்டு, ஒருத்தர் எவ்வளவு தூரம் சொந்தமா இயங்க முடியுதுன்னு பாத்து அஞ்சு நிலையா பிரிக்கிறாங்க, மறதியும் நடத்தையும் அதுல சேரும்.

இன்னொண்ணு, காது கேக்காதவங்க, பேச்சு வராதவங்க, மனநோய் உள்ளவங்க, மூளை வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைய அம்பது வயசு வரைக்கும் வச்சு பாத்துகிட்டு இருக்குற வயசான அம்மா அப்பா, இவங்க வீட்டுக்கு போனா "பேட்டி எடுக்க இயலவில்லை"ன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்கு போயிடுவாங்க. அதிகமா தேவை உள்ளவங்களே இவங்கதான். அடுத்த தடவ இந்த மாதிரி எண்ணிக்கைய அச்சுல போடுறதுக்கு முன்னாடி உங்க நிருபர சர்வே எடுத்தவங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்க சொல்லுங்க: பெரியவங்கள தனியா உக்கார வச்சு பேசினீங்களா, கதவு தொறக்காத வீட்டையும் பேச முடியாத ஆளையும் எந்த கணக்குல எழுதினீங்கன்னு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்