கேஸ் அடிக்கும் முன் கொஞ்சம் காது கொடுங்கள்

சிங்கப்பூரில் ஏர்கான் சர்வீஸ் நிறுவனம் நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். நான் 11 ஆண்டுகள் அமீரகத்தின் அல் ஐனில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். பிறகு 14 ஆண்டுகள் இங்கே, உங்களைப் போன்ற ஒருவரிடம். (அங்கே ஏசி என்பார்கள், இங்கே வந்த முதல் வாரத்திலேயே ஏர்கான் என்று வாய் பழகிவிட்டது.) ஏணியைக் கண்டாலே முழங்கால் முரண்டு பிடிப்பதால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் போன மாதம் ஈசூனில் எங்கள் புளோக்கில் நடந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

மேல் மாடிப் பாட்டியின் படுக்கையறை ஏர்கானில் சத்தம். வந்த பையன், பாட்டி வாய் திறப்பதற்குள் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டினான், ஏர்கானைக் குளிர்விக்கும் கேஸை அடித்தான், பில்லை நீட்டினான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று ராத்திரியும் அதே சத்தம்.

மறுநாள் லிஃப்டில் பாட்டி சொன்னார்: "உளுந்து ஆட்டும்போது தண்ணி பத்தலைன்னா ஆட்டுக்கல்லு கரகரன்னு இழுக்கும் பாரு தம்பி, அது மாதிரி."

காய்ந்துபோன ஏதோ ஒன்று சுற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மேலே போய், ரிமோட்டில் ஃபேன் மட்டும் ஓடும்படி வைத்தேன். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நின்றது, கரகரப்பு நிற்கவில்லை. கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினேன், சத்தமும் வேகம் எடுத்தது. இடது ஓரத்தில் பலமாகக் கேட்டது. சுவரில் மாட்டும் யூனிட்டுகளில் பெரும்பாலும் மோட்டார் வலப்பக்கம் இருக்கும்; இடப்பக்கம், காற்றை வீசும் புளோயர் உருளையின் முனையைத் தாங்குவது புஷ் என்ற ஒரு சின்ன வளையம். அது வறண்டிருந்தது. விலை குறைந்த சாமான். பாட்டி கேஸுக்குக் கொடுத்த காசில் பலமுறை மாற்றியிருக்கலாம்.

கேஸ் என்ன, பெட்ரோலா ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றுவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். கேஸ் குறைந்தால் வரும் சத்தமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. உஸ்ஸென்ற சீறல் விடாமல் கேட்கும், குளிர் குறையும், குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி பிடிக்கும். அப்போதும் முதல் வேலை ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். 2022 அக்டோபர் முதல் இங்கே வீட்டுக்குப் புதிதாக விற்கும் ஸ்பிளிட் ஏர்கான்களில், புவியைச் சூடாக்கும் திறன் 750க்கு மேல் உள்ள கேஸ் இருக்கக்கூடாது. இப்போது பரவலாக வரும் ஆர்32க்கு அது 675. கரியமில வாயுவைப்போல 675 மடங்கு. ஒழுக்கை அடைக்காமல் மேலும் மேலும் அடிப்பது எதில் சேர்த்தி?

அதே மாதம் அல் ஐனிலிருந்து அக்கா மகள் வாட்ஸ்அப்பில் 40 விநாடி ஒலிப்பதிவு அனுப்பினாள். வெளி யூனிட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், ஐந்தாறு விநாடியில் 'டக்'. அப்புறம் அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே. "வெளி விசிறி சுத்துதாம்மா?" என்றேன். "சுத்துது மாமா, ஆனா உள்ள குளிரே வரல." கம்ப்ரசர் எழும்ப முயன்று முடியாமல் ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் விழுகிறது; கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் மேல்தான் முதல் சந்தேகம். பாலைவனக் கோடையில் வெளியே 45 டிகிரிக்கு மேல் போகும், வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் கப்பாசிட்டரின் ஆயுள் கரைந்துவிடும். பிரேக்கரை அணை, மூடியைத் தொடாதே, கரண்ட் போன பிறகும் கப்பாசிட்டர் ஷாக் அடிக்கும் என்றேன். கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று நின்ற மெக்கானிக், அவள் கேட்டுக்கொண்டதால் கப்பாசிட்டரை அளந்து பார்த்தார். 35 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 19.

இரண்டு ஊரின் சத்தமும் ஒன்றல்ல. ஏர்கான்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5151 என்ற சர்வதேசத் தரத்தில், இங்கேயும் புழங்கும், மிதமான தட்பவெப்பத்துக்கான டி1 வகையை 35 டிகிரி வெளி வெப்பத்தில் சோதிப்பார்கள்; வளைகுடாவுக்கான டி3 வகையை 46 டிகிரியில். அங்கே நோய் வெளி யூனிட்டிலிருந்து தொடங்கும்: மணற்காற்று அடித்த மறுநாள் விசிறி பேரிங் கீச்சிடும், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரில் புழுதி அடைத்துக் கம்ப்ரசர் உறுமும். இங்கே ஈரம். புளோயரில் பூஞ்சையும் தூசும் ஒரு பக்கமாக அப்பி தடதடக்கும், டிரெயின் பைப்பில் வழுவழுப்பு சேர்ந்து களக் களக் என்னும். வெளி யூனிட் நிற்கும் லெட்ஜில் பிராக்கெட் போல்ட் தளர்ந்தாலோ சுவரே ரீங்கரிக்கும், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அணைத்ததும் படக் படக் என்பது பிளாஸ்டிக் சுருங்கும் சத்தம். அதற்குப் போய் பில் போடாதீர்கள்.

பையன்களைக் குறை சொல்லவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாளைக்கு எட்டு வீடு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள், கேஸ் அடித்தால் தனியாகக் கமிஷன். எந்தப் பையன் நின்று காது கொடுப்பான்? கமிஷனை எடுத்துவிடுங்கள். சத்தம் என்று அழைத்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்கென்று ஒரு கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், மக்கள் கொடுப்பார்கள். உங்கள் சர்வீஸ் தாளில் 'சத்தம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதன் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். எப்போது வருகிறது, எதைப்போல இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதட்டும். ஆட்டுக்கல் என்றால் ஆட்டுக்கல்.

என் கைப்பேசியில் இப்படிப்பட்ட சத்தங்கள் அறுபதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன, எது எதனால் வந்தது என்ற குறிப்போடு. உங்கள் பையன்களை ஞாயிறு மாலைகளில் அனுப்பிவையுங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஒரு பழைய மெக்கானிக்