விடுபட்ட ஒரு குரல்

ஆசிரியருக்கு,

கிழக்கு ஐரோப்பிய மெட்டல் (உரத்த, கனத்த ராக்) இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் போலந்து என்று வந்ததும் வேடர், பெஹிமோத் இரண்டோடு முடித்துக்கொண்டுவிட்டார் கட்டுரையாளர். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடி உலகம் சுற்றிய குழுக்கள் அவை. தாய்மொழியில் பாடி ஊரைக் கட்டிப்போட்ட 'கட்' குழுவின் பாடகர் ரோமன் கோஸ்த்ஷெஃப்ஸ்கிக்கு ஒரு வரிகூடவா இல்லை?

1960இல் பியெகாரி ஷ்லோன்ஸ்கியேவில் பிறந்தவர். மாதா கோயில் யாத்திரைக்குப் பேர்போன ஊர் அது. வளர்ந்தது அனாதை இல்லத்தில். அப்படிப்பட்டவர் பின்னாளில் சாத்தானைப் பாடியதை வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட முடியாது. ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் அரசு, மறுபக்கம் கத்தோலிக்கத் திருச்சபை; இரண்டுக்கும் பணிய மறுத்த ஒருவரின் வீம்பாகத்தான் எனக்கு அது படுகிறது.

1986இல் 'கட்' குழுவின் பாடல்கள் 'மெட்டல் அண்ட் ஹெல்' என்று ஆங்கிலத்திலும், '666' என்று போலிஷிலும் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டால் இரவல் சட்டை போட்ட மாதிரி இருக்கிறார். '666'இல்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார். மறு வருடம் பிப்ரவரியில், கத்தோவித்ஸே நகரின் பறக்கும் தட்டு வடிவ ஸ்போதெக் அரங்கில் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா இரண்டு நாள் வாசித்தபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறியது இவர்கள்தான்.

மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் 1993இல் வந்த 'பல்லாடி'யைக் கேட்டுப் பார்க்கலாம். மெதுவான பாடல்கள் நிறைந்த தொகுப்பு. கத்தியே பழகிய தொண்டை இதில் நாடக வசனம் போல வரிகளை நிறுத்தி, இழுத்து, விழுங்கிப் பாடுகிறது. போலிஷில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் பாதியில் நிறுத்த முடிந்ததில்லை.

அப்புறம் வழக்கமான கதைதான். கிட்டாரிஸ்ட் பியோதர் லுச்சிக்குடன் ஒத்துப்போகாமல் பிரிந்து, ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் ஆயின. கோஸ்த்ஷெஃப்ஸ்கி தன் பெயரையும் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்; 2019இல்கூட 'பொப்யூர்' என்ற ஆல்பம் வந்தது. 2022 பிப்ரவரி 10 அன்று புற்றுநோயில் இறந்தார். 62 வயது நிறைய ஒரு வாரம்தான் இருந்தது.

கட்டுரை தொடராக வளரும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். சரி, அடுத்த பகுதியிலாவது இவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆங்கிலப் பதிப்பை வைத்து மட்டும் எழுதிவிட வேண்டாம் என்று கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வாசகன்,
திருச்சி