பாதம் கழுவும் பணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். தருமபுரி மறைமாவட்டத்தில், பாலக்கோட்டை அடுத்துள்ள எங்கள் பங்கின் சார்பில், தொழுநோயால் காலில் உணர்ச்சி இழந்தவர்களுக்கும் சர்க்கரை நோயால் ஆறாத புண் கொண்டவர்களுக்கும் வாரந்தோறும் பாதப் பராமரிப்பு செய்து வருகிறோம். அடுத்த தவக்காலம் நெருங்கும் இவ்வேளையில், இப்பணியைத் தாங்கி நிற்கும் அனைவருக்கும் நன்றி சொல்ல இம்மடலை எழுதுகிறோம். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியை மட்டும் குறிப்பிடுகிறோம்.

பெரிய வியாழன் மாலையில் குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியதையும், அவர்களும் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்யப் பணித்ததையும் எடுத்துச்சொல்லி, அது ஆண்டுக்கு ஒரு மாலையோடு முடிந்துவிடக் கூடாது என்று எங்கள் பங்குத்தந்தை மறையுரை ஆற்றினார். திருப்பலி முடிந்ததும் விரல்கள் மழுங்கிய பெரியவர் ஒருவர் அவரிடம் வந்து, "கழுவுற காலெல்லாம் ஊட்லயே கழுவிட்டு வந்த காலுதானுங்களே, சாமி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சொல்லால் பதில் சொல்ல முடியாது என்பதை அங்கு நின்றிருந்த நாங்கள் உணர்ந்தோம். ஆகவே எங்கள் முதல் நன்றி அந்தப் பெரியவருக்கே உரியது.

தொழுநோயைக் கூட்டு மருந்துச் சிகிச்சை முழுமையாகக் குணப்படுத்துகிறது. அரசு அதை இலவசமாகவே வழங்குகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மையை இழந்துவிடுகிறது. ஆனால் சிகிச்சைக்கு முன்பே பழுதுபட்ட நரம்புகள் பெரும்பாலும் திரும்புவதில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், இந்நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதையும், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றைத் தின்றுவிடுகின்றன என்பதையும் உலகுக்கு விளக்கினார். முள் குத்தினாலும், செருப்புக்குள் கல் கிடந்தாலும், அடுப்புச் சூடு பட்டாலும் தெரியாத காலைக் கண்தான் காக்க வேண்டும்; கண்ணும் மங்கிய முதியவருக்கு இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், தமது விடுமுறை நாட்களை எங்களுக்காக ஒதுக்கிய அரசு செவிலியர் ஒருவர். பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைப்பது, காய்ப்பேறிய தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்ப்பது, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவுவது, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது ஆகியவற்றை எங்கள் கைகளைப் பிடித்தே பழக்கினார். சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது என்பதால் வெந்நீர் ஒருபோதும் கூடாது என்று அவர் கண்டித்துச் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. சீழ், துர்நாற்றம், வீக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நாங்கள் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற எல்லையையும் அவரே வகுத்துத் தந்தார். அன்பு இருந்தால் போதும், அறிவு தேவையில்லை என்று எண்ணும் சேவை நோயாளிக்குத் தீங்காகவே முடியும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அப்படி அனுப்பப்பட்டவர்களை வாடகை வாங்காமல் அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனையில் சீட்டுப் போடும் வரிசையிலும் அவர்களுக்காகத் தாமே நின்றார்.

எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்புகளைத் தைத்துத் தரும் தொழிலாளிக்குத் தனியே நன்றி சொல்லியாக வேண்டும். மிருதுவான ரப்பர் அடிப்பாகம் கொண்ட இச்செருப்பில் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி மேலெழுந்து குத்தினால் அணிந்திருப்பவர் அறியமாட்டார். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாரும் வேண்டும். ஒவ்வொருவரின் பாதத்தையும் காகிதத்தில் வரைந்து, விரல் இல்லாத இடத்துக்கும் புண் ஆறிய தழும்புக்கும் ஏற்ப அவர் அளவெடுப்பதைப் பார்ப்பவர்களுக்கு, அந்தத் தொழிலின் நுட்பம் விளங்கும். ஜனவரி கடைசி ஞாயிறாகிய உலகத் தொழுநோய் நாளில் திரண்ட காணிக்கை முழுவதும் இச்செருப்புகளுக்கே செலவிடப்பட்டது. அவர் தம் கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் வணிகம் செய்யும் இஸ்லாமியப் பெரியவர் மாதந்தோறும் காஸ் துணியும் பஞ்சும் அனுப்பி வைக்கிறார். முருகன் கோயில் தெருவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், வருபவர்கள் பசியோடு திரும்பக் கூடாது என்று கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவருகிறார். இப்பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால், கால் கழுவ மட்டும் அந்நீரைப் பயன்படுத்துகிறோம். குடிக்கத் தம் வீட்டுக்கு வரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரைக் குடங்களில் சுமந்து வந்து வைப்பவரும் இவரே. இவர்கள் எவரும் எங்கள் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் கிறிஸ்துவின் கட்டளையை நிறைவேற்ற எங்களுக்குத் துணை நின்றார்கள். வருபவர்களிடம் நாங்கள் மதம் கேட்பதில்லை. செபிக்கச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை. யாராவது தமக்காகச் செபிக்கக் கேட்டால் மகிழ்ச்சியோடு செபிக்கிறோம். கைம்மாறு எதிர்பார்க்கும் சேவையை எங்கள் ஆண்டவர் கற்பிக்கவில்லை.

எல்லோரையும்விட, எங்களை நம்பித் தங்கள் பாதங்களை நீட்டியவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றிருந்த சட்டப் பிரிவுகளே 2019இல்தான் நீக்கப்பட்டன என்றால், இவர்கள் எத்தகைய ஒதுக்கலுக்கு ஆளானவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல ஆண்டுகளாகச் சொந்த வீட்டிலேயே தனித் தட்டில் உண்டுவந்த தாய் ஒருவர், முதல் முறை வந்தபோது காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்க்க மறுத்தார். பிறகு மெல்ல மெல்ல எங்கள் இளம்பெண்களை நம்பினார். இப்போது அவருடைய மருமகளே உடன் வந்து, வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று கேட்டுக் கற்றுக்கொள்கிறார். அந்த மருமகளுக்கும் எங்கள் நன்றி.

தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற தேமல் இருப்பவர்களை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தயங்காமல் அழைத்துச் செல்லுமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். பென்னாகரம் பக்கத்து ஊர்களிலிருந்து வர இயலாதவர்களின் வீடுகளுக்கே சென்று பராமரிக்கவும் திட்டமிட்டுள்ளோம். அதற்கு இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்தவர்களும், வாரத்தில் ஒரு பகல் ஒதுக்கக் கூடியவர்களும் எங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் எங்களைச் சந்திக்கலாம்.

கிறிஸ்துவில் நன்றியுடன்,
பாதப் பராமரிப்புக் குழுவினர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.