முதல் டரான்டுலாவுக்கு எந்தப் பெட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டரான்டுலா சிலந்தியை முதன்முதலாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் உயரமான மீன் தொட்டியையே வாங்குகிறார்கள். தரையில் வாழும் இனங்களுக்கு அதுவே ஆபத்து. கண்ணாடியில் ஏறி விழுந்தால் மெல்லிய வயிற்றுத் தோல் கிழிந்து, உடல் திரவம் வெளியேறி இறந்துவிடக்கூடும். கால்களை விரித்த அளவைப்போல் 3 மடங்கு நீளம், 2 மடங்கு அகலம் போதும். மண்ணுக்கும் மூடிக்கும் இடையிலான உயரம் கால்விரிப்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. உயரமான தொட்டிதான் இருக்கிறது என்றால், ஈரமாக்கிப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை அழுத்தி நிரப்பி இடைவெளியைக் குறைக்கலாம். வளை தோண்டும் இனங்களுக்கு அந்த ஆழம் எப்படியும் வேண்டும்.

மரத்தில் வாழும் இனங்களுக்கு மட்டுமே உயரமான பெட்டி. அதில் மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

கம்பி வலை மூடி வேண்டவே வேண்டாம். பாத நகங்கள் வலையில் மாட்டிக்கொண்டால் சிலந்தி தொங்கி, காலையே இழக்கும். துளையிட்ட அக்ரிலிக் மூடி நல்லது. துளைகள் சிலந்தியின் தலைப்பகுதியைவிடச் சிறியதாக இருக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்களிலும் துளைகள் இருந்தால்தான் காற்று ஓடும். இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். மூடிக்குப் பூட்டும் அவசியம்.

கூர்மையான கற்கள், வெப்ப விளக்கு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் இருந்தால் போதும். ஒரு பெட்டியில் ஒன்றே ஒன்று. இரண்டை விட்டால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

இப்படிக்கு,
சிலந்தி வளர்க்கும் வாசகர்