பழைய சிடிக்களைப் படிமமாக்கும்போது

ஆசிரியருக்கு,

பழைய டேட்டா சிடிக்களை அப்படியே ஒரே கோப்பாக (இதுதான் படிமம்) நகலெடுக்க லினக்ஸ் முனையத்தில் (டெர்மினல்) 'டிடி' (dd) கட்டளை போதும். ஆனால் எவ்வளவு படிக்க வேண்டும் என்று எல்லை சொல்லாமல் ஓடவிட்டால், பதிவு முடிந்த இடத்தையும் தாண்டிப் படிக்கப் போய், கடைசியில் 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று நின்றுவிடலாம். நல்ல சிடியையே பழுதென்று தூக்கியெறிகிறார்கள்! முதலில் 'ஐஎஸ்ஓஇன்ஃபோ' (isoinfo) கட்டளை காட்டும் வால்யூம் சைஸ் எண்ணை, அதாவது பதிவில் எத்தனை பிளாக் (துண்டு) என்பதைக் குறித்துக்கொண்டு, டிடி கட்டளையில் பிளாக் அளவு 2048 பைட், கவுண்ட் (எத்தனை பிளாக்) அந்த எண் என்று கொடுங்கள்.

கீறல் விழுந்த சிடிக்கு 'டிடிரெஸ்க்யூ' (ddrescue) கட்டளைதான் சரி. எதைப் படித்தாயிற்று, எது விடுபட்டது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பின் பெயரைக் கொடுக்க மறக்கவே கூடாது. அது இருந்தால்தான் விடுபட்ட பகுதிகளை மட்டும், வேறு டிரைவில்கூட, மறுபடி படிக்க முயலலாம்.

புதிதாகப் படிமம் செய்கையில், 'ஜெனிசோஇமேஜ்' (genisoimage) கட்டளையில், கோப்புப் பெயர்களை முழுதாகக் காக்கும் ஜோலியட், ராக் ரிட்ஜ் என்ற தெரிவுகள் இரண்டையும் சேருங்கள். இல்லையேல் தமிழ்க் கோப்புப் பெயர்கள் சிதைந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர்